கனியுண்ணும் கானகப் புறா

வத்திராயிருப்பின் வயல்வெளியில் நின்று மேற்கே நோக்குவோர் யாவரும் மலைத்தொடரைக் காண்பர். அதன் உயரப் பகுதிகளிலுள்ள பசுமை மாறாக் காடுகளில் வாழும் புறாக்களைக் கண்டவரோ சிலரே. புறா என்றதும் கோபுரங்களில் அடையும் மாடப்புறாவே நம் நினைவிற்கு வரும். அதனினும் பெரியனவாய், கனிகளை உண்டு வாழும் புறாக்களும் நம் மலைகளில் உண்டு.

அவற்றுள் மிகப் பெரியது ஆங்கிலத்தில் 'மவுண்டன் இம்பீரியல் பிஜியன்' எனப்படுவது. இதன் நீளம் 43 முதல் 51 சென்டிமீட்டர். தலையும் மார்பும் வெளிர் சாம்பல், முதுகு பழுப்பு. கரிய வாலின் நுனியில் அகன்ற சாம்பல் நிறப் பட்டை காணப்படும். இதுவே தெளிவான அடையாளம். உயர்ந்த மரங்களின் உச்சியில் அமர்ந்து, ஆழ்ந்து முழங்கும் குரலில் கூவும். ஆதலின் கண் காணுமுன் செவி அறியும்.

இதனோடு மயங்கத்தக்கவை இரண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறா சற்றுச் சிறியது. அதன் பிடரியில் சதுரங்கப் பலகை போன்று கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். வாலில் பட்டை இல்லை. மற்றொன்று பச்சை இம்பீரியல் புறா. அதன் முதுகு பளபளக்கும் பச்சை. வாலின் அடிப்புறம் செம்பழுப்பு. ஆகவே, முதலில் வாலையும், அடுத்துப் பிடரியையும், பின்னர் முதுகையும் நோக்கினால் ஐயம் அகலும். நம் மாநிலப் பறவையான மரகதப்புறா இவற்றினும் மிகச் சிறியது. பெரிதும் தரையிலேயே இரை தேடுவது.

இப்பறவையால் விளையும் நன்மை யாது? வாயை அகல விரித்துக் காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் முதலியவற்றின் பெரிய கனிகளை முழுமையாக விழுங்கவல்லது இது. சதை செரிக்கும், விதை சிதையாமல் தொலைவில் விழுந்து முளைக்கும். சிறு பறவைகளால் அவ்விதைகளைச் சுமக்க இயலாது.

இது ஈனுவதோ பெரும்பாலும் ஒரே முட்டை. இறைச்சிக்காக ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால், அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. புறா குறையின் அம்மரங்களின் கன்றுகளும் குறையும், காடு மெலியும். மழைநீரை ஏந்திச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈவது அக்காடே. அம்மலையில் பெய்யும் மழையே பிளவக்கல் அணைகளை நிரப்புகிறது.

1988ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமும், 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் அமைந்தன. அணிலையும் புலியையும் அறிந்த நம் சிறுவர்கள் காட்டை விதைக்கும் இப்புறாவையும் அறிதல் நன்று. பெயர் அறிந்த உயிரையே மனிதன் காக்க முற்படுவான்.