நாகசுரம் வாங்குமுன்

பிழைப்புக்காக வெளி மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளைகளுக்குப் பாட்டும் வீணையும் மிருதங்கமும் கற்றுக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலமாக நாகசுரம் கற்க ஆசைப்படும் பிள்ளைகளும் அங்கொருவர் இங்கொருவராகத் தென்படுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் வீணை வாங்க யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். நாகசுரம் என்றால் "எங்கே கிடைக்கும், என்ன விலை" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டு நாகசுரங்களை அருகருகே வைத்தால் எது நல்லது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதை யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் வித்வான் அல்லன். பொறியியல் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது காந்தலூரில் இருக்கிறேன். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே, சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் அஞ்சுநாட்டு ஊர்களில் ஒன்று. இங்குள்ள பிள்ளைகளுக்காக இரண்டு முறை நாகசுரம் வாங்கப் போனவர்களுடன் நானும் போனேன். மரத்தோடும் இரும்போடும் பழகிய கண்ணால் பார்த்ததையும், உடன் வந்த வித்வான் காதால் சோதித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மேல்நாட்டில் பள்ளி வாத்தியக் குழுவில் சேரும் பிள்ளைக்குப் பிரெஞ்சு ஹார்ன் என்னும் பித்தளைக் கொம்பு வாங்குவார்கள். சுருண்டு கிடக்கும் அதன் குழலை நீட்டினால் சுமார் 12 அடி வரும். அதை வாங்கப் போகிறவர் தமக்குப் பழகிய ஊதுவாயைக் கையோடு கொண்டுபோய், கடையிலுள்ள ஒவ்வொரு கொம்பிலும் பொருத்தி ஊதிப் பார்ப்பார். ஊதுவாய் மாறாமல் இருந்தால்தான் ஓசையில் தெரியும் வேற்றுமை கொம்பினுடையது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். நம் பாலக்காட்டுப் பக்கத்துப் பஞ்சவாத்தியத்தில் முழங்கும் கொம்பும் உதட்டால் ஒலி எழுப்பும் அதே இனம்தான். நாகசுரம் சீவாளியால் ஒலிப்பது, இனம் வேறு. ஆனாலும் விதி ஒன்றே: பழகிய சீவாளியைக் கொண்டுபோங்கள். ஒரே சீவாளியை, ஒரே ஆள், எல்லாக் குழலிலும் வைத்து ஊத வேண்டும். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீவாளி மாட்டித் தந்தால் நீங்கள் சீவாளியை ஒப்பிடுகிறீர்கள், நாகசுரத்தை அல்ல.

எந்த வகை?

நாகசுரத்தில் திமிரி, பாரி என்று இரண்டு வகை உண்டு. திமிரி குட்டையானது, உச்ச சுருதியில் பேசும். பாரி நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் கனமாகப் பேசும். இன்று கச்சேரிகளில் கேட்பது பெரும்பாலும் பாரிதான். இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). பழைய திமிரியில் சுத்த மத்யமம் சரியாக நிற்காது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். 1950-களில் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, துளைகளின் இடத்தையும் அளவையும் திருத்தி, அந்தச் சுரம் சுத்தமாகப் பேசும் பாரி நாகசுரத்தைச் செய்து ராஜரத்தினம் பிள்ளைக்குக் கொடுத்தார். இன்று செய்யப்படும் பாரி அந்த வழியில் வந்ததே.

எந்த வகை என்பதைப் பிள்ளையின் ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். பாரிக்கு மூச்சும் வேண்டும், துளைகளை எட்டும் விரல் நீளமும் வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் கையை அளக்காமல் வாங்கிவிடக் கூடாது.

மரம்

நாகசுரத்துக்குப் பெயர்பெற்ற ஊர் நரசிங்கம்பேட்டை. பழைய மெயின் லைனில், ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையே உள்ள சிறிய ரயில் நிலையம். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே குழலுக்கு, அதாவது உலவுக்கு, ஆச்சா மரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வடக்கே இதை அஞ்சன் என்பார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். அதிலும் புதிதாக வெட்டிய மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம், விட்டம் ஆகியவற்றைத் தேடி வாங்குவார்கள்.

காரணம் என் தொழிலிலும் பார்த்ததுதான். முன்பு தண்டவாளத்துக்கு அடியில் மர ஸ்லீப்பர் கட்டைகள் இருந்தன. சரியாக உலராத கட்டையைப் போட்டால், ஒரே கோடையில் இரண்டு முனையும் பிளந்துகொள்ளும். மரத்திலுள்ள ஈரம் வெளியேறும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது; அந்த இழுப்பில் பிளவு வருகிறது. நாகசுரத்தின் உலவிலோ நடுவே துளைத்து எடுத்துவிடுவதால் சுவர் மெல்லியது. மயிரிழை போன்ற பிளவு விழுந்தாலும் காற்று கசியும். மந்தர ஸ்தாயி பேசாது. எழுபது, எண்பது வருஷம் வீட்டுக்குள் உத்தரமாகக் கிடந்த மரத்துக்குச் சுருங்க இனி ஒன்றுமில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை நேராக ஓடுகிறதா? கணு இருக்கிறதா? அரக்கோ மெழுகோ வைத்து அடைத்த இடம் பளபளப்புக்குக் கீழே தெரிகிறதா? சீவாளியையும் கெண்டையையும் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். உள்துளை மேலே குறுகிக் கீழே சீராக விரிய வேண்டும். பார்க்கும்போது வட்டத்துக்குள் வட்டமாக ஒளி ஒழுங்காகத் தெரிந்தால் துளை நேராக இருக்கிறது. ஒரு பக்கம் பிறை போல் நிழல் விழுந்தால், கடைந்தவர் கை விலகியிருக்கிறது. பிறகு விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நாங்கள் ஸ்லீப்பரைச் சுத்தியலால் தட்டுவோம். கெட்டிக் கட்டை கணீரென்னும், உள்ளே உளுத்தது தொப்பென்னும். இதுவும் அப்படியே.

எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "மறையூர்ச் சந்தனத்தில் செய்தால் என்ன?" சந்தனத்துக்கு மணம் உண்டு, மதிப்பு உண்டு, ஆனால் ஓசைக்காகத் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்த மரம் ஆச்சாதான். அதோடு மறையூர்ச் சந்தனம் வனத்துறையின் காவலில், அரசு ஏலத்தில் விற்கப்படுவது. யாராவது சந்தன நாகசுரம் என்று மலிவாகக் கொண்டுவந்தால் விலகிப் போங்கள். பழைய நாகசுரங்களில் தொங்கும் தந்த அலங்காரங்களும் அப்படியே. யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

துளைகள்

உலவில் விரல் வைக்கும் துளைகள் 7. அதற்குக் கீழே விரல் படாத துளைகள் 5 இருக்கும். இவற்றைப் பிரம்ம சுரம் என்பார்கள். இவற்றில் மெழுகு வைத்துத்தான் சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்கிறார்கள். கணக்கு எளிது. துளை பெரிதானால் சுரம் உயரும். மெழுகு வைத்துச் சிறிதாக்கினால் தாழும். ஆகவே விரல் துளைகளிலேயே அங்கங்கே தடிப்பாக மெழுகு அப்பியிருந்தால், துளை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது என்று பொருள்.

அடியில் விரியும் பகுதி அணசு. வழக்கமாக வாகை மரத்தில் கடைந்தது, உலோகத்தாலும் செய்வதுண்டு. உலவோடு சேரும் இடத்தில் ஆட்டமோ இடைவெளியோ இருக்கக் கூடாது.

காதால் சோதிப்பது

நல்ல நாகசுரத்துக்கு முதல் அடையாளம், மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு ஒத்திருப்பது. இரண்டு ஸ்தாயிக்கும் விரல் ஏறக்குறைய ஒன்றுதான். மூச்சின் அழுத்தம் மட்டும் கூடும். உள்துளையின் சரிவு சரியாக இருந்தால் மேல் சுரம் தானாக இருமடங்கில் வந்து நிற்கும். இல்லையென்றால் சற்று ஏறியோ இறங்கியோ நிற்கும். இந்தக் குறையை எந்த மெழுகும் தீர்க்காது. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு மத்திய ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் நீட்டி ஊதச் சொல்லுங்கள். இப்போது கைபேசியிலேயே சுருதி காட்டும் செயலி இருக்கிறது, அதையும் பார்க்கலாம்.

அடுத்து சுத்த மத்யமத்துக்குச் சங்கராபரணமும், பிரதி மத்யமத்துக்குக் கல்யாணியும் சிறிது வாசிக்கச் சொல்லுங்கள். வித்வான் முகத்தைப் பாருங்கள். ஒரு சுரம் வரும்போதெல்லாம் தாடை இறுகினால் அந்தத் துளை அவருடன் மல்லுக்கு நிற்கிறது. கடைசியாகத் தோடி. கமகம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பிறகு கடையை விட்டு வெளியே வந்து, நூறடி தள்ளி நின்று கேளுங்கள். நாலு சுவருக்குள் எந்த நாகசுரமும் கம்பீரமாகத்தான் இருக்கும். இது வீதியில், தவிலோடு, திறந்த வெளியில் ஒலிக்கப் பிறந்த வாத்தியம். மட்டமானது பக்கத்தில் காதைக் கிழிக்கும், தூரத்தில் தேய்ந்துவிடும். நல்லது பக்கத்தில் உறுத்தாது, தூரத்திலும் சுரம் சுரமாகக் கேட்கும். மெதுவாக ஊதும்போதும் ஓசை உடையாமல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

குளிர் ஊரில் இருப்பவர்களுக்கு

இது காந்தலூருக்கும் பொருந்தும், குளிர் நாடுகளில் வாழும் அன்பர்களுக்கும் பொருந்தும். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 35 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 352 மீட்டர். 15 டிகிரியில் சுமார் 340 மீட்டர். ஆக, தஞ்சாவூர் வெயிலில் சுருதி சேர்த்த நாகசுரம், குளிர்ந்த காலையில் மூன்று சதவீதத்துக்கு மேல் தாழ்ந்து பேசும். அரைக் கட்டை என்பது சுமார் ஆறு சதவீதம்; அதில் பாதிக்கு மேல் இது. ஊத ஊத மூச்சின் சூட்டில் குழல் வெதும்பி ஓரளவு ஏறிவிடும். ஆகவே கால்மணி நேரம் ஊதிய பிறகே சுருதியை மதிப்பிட வேண்டும். மலையின் உயரத்தால் காற்று லேசாவது இதற்குக் காரணம் என்று சிலர் சொல்வது சரியல்ல, குளிர்தான் காரணம். வாங்கும்போதே செய்பவரிடம் ஊரின் குளிரைச் சொல்லிவிட்டால் அதற்கேற்பக் கெண்டையும் சீவாளியும் அமைத்துத் தருவார்.

இவ்வளவும் எதற்கு என்று தோன்றலாம். இங்கே பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு நகரத்துக் கடையில், கண்ணாடி போல் மெருகேற்றிய நாகசுரம் ஒன்றை வாங்கி வந்தார்கள். நாலு மாதம் சாதகம் செய்தும் மத்யமம் நிற்கவில்லை. "எனக்கு இது வராது" என்று அவனே முடிவுக்கு வந்துவிட்டான். பழனிப் பக்கத்திலிருந்து வந்த வித்வான் அதை வாங்கி ஊதிப் பார்த்தார், அவருக்கும் நிற்கவில்லை. "குறை பிள்ளையிடம் இல்லை, குழலில்" என்றார். பிறகு நரசிங்கம்பேட்டையில் வாங்கிய குழலில் ஒரே வாரத்தில் அந்தச் சுரம் அவனுக்குப் பிடிபட்டது. பெரியவர்கள் மட்டமான வாத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் தங்களையே குறை சொல்லிக்கொண்டு கலையை விட்டுவிடுவார்கள். பூஜை வேளையில் பொத்தானை அழுத்தினால் மணியும் மேளமும் தானே அடிக்கும் இயந்திரம் பல கோயில்களில் வந்துவிட்ட காலத்தில், ஊத விரும்பி வரும் ஒரு பிள்ளையை இப்படி இழக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

வாங்கிய பின்

புது நாகசுரத்தை முதல் நாளே மணிக்கணக்கில் ஊத வேண்டாம். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். ஊதி முடித்ததும் உள்ளே படிந்த ஈரத்தை மெல்லிய துணியால் துடையுங்கள். துணியுறையில் போட்டு வையுங்கள். அடுப்பங்கரையிலும், வெயிலில் நிற்கும் காரிலும், குளிர் நாடுகளில் சூடேற்றும் கருவிக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது. சீவாளி காவிரிக் கரைப் பக்கத்துக் கொறுக்கந்தட்டையில் செய்யப்படுவது. திருவாவடுதுறை இதற்குப் பெயர்பெற்ற ஊர். சீவாளி தேயும், கிழியும், வெளியூரில் கிடைக்காது. ஒரு வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஊருக்குப் போகும் விடுமுறையில் உறவினர் வீடுகளுக்கு இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு, பிள்ளையையும் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு செய்பவரின் பட்டறைக்கே போய் வாருங்கள். மூன்று குழலாவது ஊதிப் பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள். உத்தரத்து மரம் குழலாக மாறுவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். அதை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிறகு நாம் சொல்ல வேண்டியிருக்காது.