கட்டமும் காயும் – 7: ஆட்டின் பாடம் சிப்பாய்க்குச் செல்லுமா?

சென்ற வாரம் தாயக்கட்டத்தில் நிறுத்தினோம். அங்கே பாதி ஆட்டம் நம் கையில், மீதி கட்டையின் கையில். இந்த வாரம் கட்டையே உருளாத, அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லாத ஆடுபுலி ஆட்டத்துக்கு வருவோம். கூடவே ஒரு கேள்வி. ஆடுபுலியில் கை தேர்ந்தவர் சதுரங்கப் பலகை முன் உட்கார்ந்தால் எதை எடுத்துக்கொண்டு போகலாம், எதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்?

கேள்வியைக் கேட்க நாராயணவனம் பொருத்தமான ஊர். புத்தூரை அடுத்த இந்த ஊர் 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். பத்மாவதித் தாயாருக்கும் வேங்கடவனுக்கும் கல்யாணம் நடந்த இடம் என்று தலபுராணம் சொல்லும் கல்யாண வெங்கடேசுவரர் கோயில் இங்கேதான். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் எல்லைப்புறம். தமிழில் ஆடுபுலி, தெலுங்கில் புலி மேக. போடும் கட்டம் ஒன்றுதான். சதுரங்கத்துக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு சொந்தம் உண்டு. நாராயணவனம் மண்டலம் இருப்பது சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியில். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷின் குடும்பத்துக்குப் பூர்வீகம் சத்தியவேட்டை ஒட்டிய செஞ்சுராஜு கண்டிரிகை. அவர் பிறந்ததும் ஆடிப் பழகியதும் சென்னையில். ஆகவே ஆடுபுலிதான் அவரை உருவாக்கியது என்று நாம் கதை கட்ட வேண்டாம்.

முதலில் கட்டத்தைப் போட்டுவிடலாம். சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம். உச்சியிலிருந்து அடிக்கோடு வரை உள்ளே இன்னும் இரண்டு கோடுகள். நடுவில், முக்கோணத்துக்கு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நீள்சதுரம். அதைக் குறுக்கே பிளந்து ஒரு கோடு. கோடுகள் சேரும் புள்ளிகளை எண்ணினால் உச்சியில் 1, நடுவில் ஆறு ஆறாக மூன்று வரிசை, அடியில் 4, மொத்தம் 23. புலி 3, ஆடு 15. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி தன் முறை வரும்போதெல்லாம் நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆடு யாரையும் வெட்டாது. எத்தனை ஆடு விழுந்தால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆடு ஜெயிக்க வழி ஒன்றுதான்: மூன்று புலியும் நகர இடமில்லாமல் அடைபட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆடும் விழாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் 23 புள்ளியில் 18 நிரம்பி, காலி 5. நேபாளத்தில் ஆடும் பாக் சாலில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. எல்லாம் இறங்கினால் காலி ஒன்றே ஒன்று. அங்கே 5 ஆடு விழுந்தால் புலிக்கு ஜெயம். அந்த ஆட்டத்தைக் கணினியில் ஆராய்ந்த லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் இருவரும், இரு தரப்பும் தவறே செய்யாவிட்டால் அது டிராவில் முடியும் என்று நிறுவினார்கள். புலிக்குப் பலம், ஆட்டுக்கு எண்ணிக்கை. தராசு இரண்டு பக்கமும் சமம். ஒவ்வோர் ஆடு விழும்போதும் ஒரு காலியிடம் கூடுகிறது. புலிக்கு மூச்சுவிட இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஆடுபுலியில் தேறியவர்கள் காயை எண்ணுவதைவிடக் காலியை எண்ணுவது அதனால்தான்.

நாராயணவனத்தில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் ஒரு தாத்தாவும் பேரனும் ஆடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பையன் செஸ் வகுப்புக்குப் போகிறவன். ஆடு அவனுடையது. நடுக்கோட்டில் ஓர் ஆட்டை வைத்தான். இரண்டு பக்கமும் அவன் ஆடுகள், பின்புள்ளி மட்டும் காலி. தாத்தாவின் புலி தாண்டிக் குதித்தது.

“ரெண்டு பக்கமும் காவல் இருக்கே, தாத்தா?”

“காவல் இருந்தா என்னடா? உன் ஆடு கடிக்குமா?”

விஷயம் முழுக்க இந்தப் பதிலில் இருக்கிறது. சதுரங்கத்தில் காவல் என்பது பதிலடி: நீ என்னை வெட்டினால் என் ஆள் உன்னை வெட்டுவான். ஆடுபுலியில் பதிலடி கிடையாது. அங்கே காவல் என்றால் புலி குதித்து விழ வேண்டிய இடத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பது. பையன் சதுரங்கத்தின் காவலை ஆட்டுக்குப் போட்டுப் பார்த்தான், அது செல்லவில்லை.

எதிர்த்திசையிலும் இதே கோளாறு வரும். ஆடுபுலிப் பழக்கத்தோடு சதுரங்கத்துக்கு வருபவருக்குச் சிப்பாய்க்கு நேர் பின்னால் இன்னொரு சிப்பாய் நின்றால் மனசு நிறையும். ஆனால் அங்கே வெட்டும் காய் தாண்டிப் போவதில்லை; வெட்டிய கட்டத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. பின்கட்டம் நிரம்பியிருந்தால் அதற்கென்ன? சிப்பாய் குறுக்காக வெட்டும் காய். அதனால் பின்னால் குறுக்கே நிற்கும் சிப்பாய்தான் அதற்குக் காவல். ஒன்றின் முதுகில் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய் பெரும்பாலும் பலவீனம். ஒன்றையொன்று காக்கவும் முடியாது, பின்னது முன்னதைத் தாண்டவும் முடியாது.

மூலை விஷயமும் இப்படித்தான். நீள்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலும் வைத்த ஆட்டைப் புலியால் தொட முடியாது. கோடு அங்கேயே முடிந்துவிடுகிறது; தாண்டி விழ இடமில்லை. முதல் ஆடுகளை மூலையில் இறக்கு என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது இதற்குத்தான். இந்தப் பாடம் செக்கர்ஸுக்கு அப்படியே செல்லும். அங்கேயும் தாண்டித்தான் வெட்டு, ஓரத்தில் நிற்கும் காய்க்கு ஆபத்தில்லை. ஒதெல்லோவுக்கும் செல்லும், இரண்டு பக்கமும் நெருக்கினால்தான் காய் நிறம் மாறும், மூலைக்கு இரண்டாவது பக்கமே கிடையாது. சதுரங்கத்தில் இதே பாடம் தலைகீழ். நடுப்பலகையில் 8 கட்டத்துக்குப் பாயும் குதிரை, மூலையில் நின்றால் 2 கட்டத்துக்குத்தான் பாயும்.

அப்படியானால் செல்லும் பாடம் எது? வெட்டுவதற்கு முன் வழியை அடை என்பது. புலியை யாரும் அடித்து வீழ்த்துவதில்லை; அதன் வழிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். பறிகொடுப்பதுபோல் ஓர் ஆட்டை நீட்டி, புலியை ஒரு மூலைக்கு இழுத்து, பின்வழியை அடைப்பது தேர்ந்த ஆட்டுக்காரரின் உத்தி. இது சதுரங்கத்துக்கு மாற்றுக் குறையாமல் போகும். எதிரியின் காயை நகரவிடாமல் முடக்குவதை ஆரோன் நிம்சோவிச் 1925-ல் வெளிவந்த தன் நூலில் ஒரு முறையாகவே வகுத்தார்.

கண்கூடான சாட்சி 1972 ஜூலை 11 அன்று ரெய்காவிக்கில் கிடைத்தது. ஃபிஷர் – ஸ்பாஸ்கி உலகப் போட்டியின் முதல் ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், 29-ஆம் நகர்த்தலில் ஃபிஷரின் மந்திரி ஓரத்துச் சிப்பாயை வெட்டிக்கொண்டு எச்2 கட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஸ்பாஸ்கி பக்கத்துச் சிப்பாயை ஒரே கட்டம் முன்னே தள்ளினார். திரும்பும் வழி மூடிவிட்டது. மந்திரி போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஆடு ஆடிப் பழகிய எவரும் பார்த்தவுடனே ‘புலி மாட்டிச்சு’ என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் போட்டியைக் கடைசியில் ஃபிஷர்தான் 12½–8½ என்று வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பாடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எதிராளிக்கு நகர ஒரு காயும் இல்லாமல் அடைத்துவிட்டால் ஆடுபுலியில் அது முழு வெற்றி. சதுரங்கத்தில் ராஜாவுக்குச் செக் இல்லாமல் அப்படி அடைத்தால் அது ஸ்டேல்மேட், டிரா, ஜெயிக்க வேண்டியவருக்கு அரைப் புள்ளி. சீனச் சதுரங்கத்திலோ நகர வழியற்றவர் தோற்றவர். ஒரே செயல், மூன்று பலகைகளில் இரண்டு விதத் தீர்ப்பு.

நான் சொல்ல வருவது இதுதான். எந்தப் பாடமும் ஏதோ ஒரு விதியின் பிள்ளை. ‘பின்னால் நிரப்பு’, ‘மூலையில் இறக்கு’ இரண்டையும் பெற்றது ‘தாண்டி வெட்டு’ என்ற விதி. அந்த விதி இருக்கும் ஆட்டத்தில் அந்தப் பாடங்கள் பிழைக்கும். இல்லாத ஆட்டத்தில் நம்மைக் கவிழ்க்கலாம். ‘வழியை அடை’ என்பதைப் பெற்ற விதி இன்னும் பொதுவானது: காய்களும் மாறி மாறித்தான் நகர முடியும், இடமும் அளவோடுதான் இருக்கிறது. அந்த விதி பல பலகைகளுக்குப் பொது. அதனால்தான் அந்தப் பாடம் தூரம் போகிறது.

ஆராய்ச்சிகளும் இதற்கு விரோதமாகப் பேசவில்லை. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான சதுரங்க ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில நொடி காட்டி மறைத்தால் வல்லவர்கள் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிட்டார்கள். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது புதியவர்களைப் போலவே திணறினார்கள். அவர்களிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் இல்லை, அந்தப் பலகைக்கே உரிய பழக்கம். 2017-ல் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற கணினி நிரல் சதுரங்கம், ஷோகி, கோ மூன்றிலும் வென்றது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பூஜ்யத்திலிருந்துதான் கற்றது. மாறிப் போய் ஜெயித்தவர்களும் இல்லாமல் இல்லை. ஜப்பானிய ஷோகியின் மாமேதை யோஷிஹாரு ஹாபு, சதுரங்கத்தில் ஃபிடே மாஸ்டர் பட்டம் பெற்றவர். ஷோகியும் சதுரங்கமும் பங்காளிகள். ராஜாவை மடக்குவதுதான் இரண்டிலும் முடிவு. விதிகள் நெருங்க நெருங்கப் பாடங்களுக்கும் பயணம் சுலபம்.

பிள்ளைகளைச் செஸ் வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு சாயங்காலம் தரையில் ஆடுபுலிக் கட்டம் போடுங்கள். செலவு ஒரு சாக்பீஸ், ஒரு பிடி புளியங்கொட்டை. பிள்ளையை முதலில் ஆட்டுப் பக்கம் உட்கார வையுங்கள். பலமில்லாத காயை வைத்துக்கொண்டு ஜெயிக்கக் கற்பது அங்கேதான். ஆட்டம் முடிந்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு என்ன கற்றாய்? எந்த விதியால் அது உண்மையாயிற்று? முதல் கேள்விக்கு எல்லாப் பிள்ளையும் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்லும் பிள்ளைதான் அடுத்த பலகைக்குத் தயார்.

அடுத்த வாரம் பல்லாங்குழி. சோழி இருந்தால் எண்ணி எடுத்து வையுங்கள்.