தம் குறைகளையும் எழுதிவைத்தவர்கள்

பிரபுக்களுக்கு வம்சாவளிப் பட்டியல் உண்டு. செல்வர்களுக்குச் சொத்துச் சாசனங்கள் உண்டு. ஆனால் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து, காட்டைத் திருத்திக் குடியேறிய ஒரு நெசவாளியின் குடும்பத்துக்கு எந்த ஆதாரம் இருக்கும்? பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற எளிய மக்களின் பூர்விகத்தைத் தேடப் புகுகிறவர்கள் முதலில் சந்திக்கும் கேள்வி இதுதான். அக்குடும்பம் குவேக்கர்கள் என்று அழைக்கப்பட்ட நண்பர்கள் சங்கத்தைச் சேர்ந்ததாக இருந்துவிட்டால், கேள்விக்கு வியக்கத்தக்க விடை கிடைக்கிறது. பட்டத்தையும் பகட்டையும் வெறுத்து, இறந்தவர் தலைமாட்டில் பெயர் பொறித்த கல்லை நடுவதுகூட ஆடம்பரம் என்று கருதிய அந்த மக்கள், தங்கள் நன்மை தீமை இரண்டையும் மாதந்தோறும் ஏட்டில் எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள்.

ஜார்ஜ் பாக்ஸ் என்பவரின் போதனையால் 1650-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தில் தோன்றிய இச்சங்கத்தார், ஒவ்வொரு மனிதனுள்ளும் தெய்விக ஒளி உறைகிறது என்று நம்பினர். ஆகவே அவர்களுக்குப் புரோகிதர் தேவைப்படவில்லை. மௌனமே அவர்களுடைய வழிபாடு. நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள், அரசாங்கத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்டமாட்டார்கள், ஆயுதம் ஏந்தமாட்டார்கள், எவர் எதிரிலும் தொப்பியை எடுக்கமாட்டார்கள். 1662-லும் 1664-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் அவர்களுடைய கூட்டங்களையே குற்றமாக்கின. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். அந்நிலையில்தான், இரண்டாம் சார்லஸ் மன்னர் தமக்குக் கடன் கொடுத்திருந்த கடற்படைத் தலைவர் பென்னின் மகனும் குவேக்கருமான வில்லியம் பென்னுக்கு, அந்தக் கடனுக்கு ஈடாக 1681-இல் அமெரிக்காவில் பெரும் நிலப்பரப்பைச் சாசனம் செய்து கொடுத்தார். பென்ஸில்வேனியா என்னும் அந்த மாகாணம் மனச்சாட்சியின் பொருட்டுத் துன்புற்றவர்களுக்குப் புகலிடமாயிற்று.

அங்கே சென்ற குடும்பங்களில் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்ஷயரில், பிராட்நிஞ்ச் என்னும் சிற்றூரில், ஜார்ஜ் பூன் என்ற நெசவாளி மேரி மாக்ரிட்ஜ் என்ற மனைவியோடும் பல குழந்தைகளோடும் வாழ்ந்துவந்தார். புதிய நாட்டின் நிலைமையை அறிந்துவர மூத்த பிள்ளைகள் மூவரை முன்னதாக அனுப்பிவிட்டு, 1717-ஆம் ஆண்டு அவரும் மற்றவர்களோடு கப்பலேறிப் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். காடு திருத்தி வழிகண்ட வீரர் என்று பிற்காலத்தில் அமெரிக்கா முழுதும் புகழப்பெற்ற டானியல் பூன் இவருடைய பேரன். பேரனின் கீர்த்தியால் பாட்டனாரின் வரலாறு பலராலும் ஆராயப்பட்டது. அந்த ஆராய்ச்சி சென்ற வழியே, குவேக்கர் குடும்பம் எதன் பூர்விகத்தையும் தேடுவதற்குரிய வழியாகும்.

அக்காலத்தில் பென்ஸில்வேனியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பிரயாணிகளின் பெயர்களைப் பட்டியலிடும் வழக்கம் அரசாங்கத்துக்கு இல்லை. 1727 முதல் ஜெர்மானியர் முதலிய அந்நியர்களுக்கே அவ்விதப் பட்டியல் எழுதப்பட்டது. 1682-இல் பென் ஏறிவந்த 'வெல்கம்' கப்பலுக்குக்கூட மூலப் பட்டியல் கிடையாது. எனவே தம் முன்னோர் பென்னுடன் அதே கப்பலில் வந்தவர் என்று குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதை ஆராய்ச்சியாளர் வேறு ஆதாரமின்றி ஏற்பதில்லை. கப்பல் பட்டியல் இல்லாத இடத்தில் கைகொடுப்பது சங்கத்தின் சான்றுப் பத்திரம். குவேக்கர் ஒருவர் ஊர் மாறும்போது, இவர் ஒழுக்கமுள்ளவர், கடன்பாக்கி வைக்காதவர், வேறெங்கும் விவாக வாக்குக் கொடுத்துவிட்டு வராதவர் என்று பழைய ஊரின் சபை எழுதிக் கொடுக்கும். புதிய ஊரின் சபை அதைப் படித்துப் பார்த்துத் தன் ஏட்டில் பதிந்துகொள்ளும். ஜார்ஜ் பூன் கல்லம்ப்டன் சபையிலிருந்து கொண்டுவந்த பத்திரம் பென்ஸில்வேனியாவின் குவினெத் சபையில் 1717-இல் வாசிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்ட செய்தி அச்சபையின் குறிப்பிலே இருக்கிறது. ஒரே ஒரு வரிதான்; ஆனால் அந்த வரி, ஓர் அமெரிக்கக் கிராமத்தையும் ஓர் ஆங்கிலக் கிராமத்தையும் சந்தேகத்துக்கு இடமின்றி இணைத்துவிடுகிறது.

இந்தச் சபைகளின் அமைப்பை அறியாமல் ஏடுகளைத் தேடுவது வீண். வாரந்தோறும் கூடுவது வழிபாட்டுக் கூட்டம்; சபைக் காரியங்களை விசாரித்து முடிவு செய்வது மாதக் கூட்டம்; அதற்கு மேலே காலாண்டுக் கூட்டமும் வருடாந்தரக் கூட்டமும் உண்டு. பிறப்பு, விவாகம், மரணம், ஊர்மாற்றம், கண்டனம் ஆகிய யாவும் மாதக் கூட்டத்தின் ஏடுகளிலேதான் இருக்கும். ஆகவே முன்னோர் எந்த ஊரில் வாழ்ந்தார் என்பதோடு நின்றுவிடாமல், அவ்வூர் எந்த மாதக் கூட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் அறிய வேண்டும். ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே கூடித் தனித்தனியே குறிப்பு எழுதியமையால், அக்காலத்து வேறு ஆவணங்களில் இன்னாரின் மனைவி என்ற அளவில் மறைந்துபோகும் பெண்கள், இங்கே சொந்தப் பெயரோடும் பொறுப்போடும் காட்சி தருகிறார்கள்.

விவாகப் பதிவோ இன்னும் செழுமையானது. மணமக்கள் தங்கள் எண்ணத்தை மாதக் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். தடை ஏதும் உண்டா என்று விசாரிக்கச் சிலர் நியமிக்கப்படுவார்கள். அடுத்த மாதம் மீண்டும் வந்து தங்கள் உறுதியைச் சொன்ன பிறகே அனுமதி கிடைக்கும். புரோகிதர் இல்லாத அந்த விவாகத்தில், மௌன வழிபாட்டினிடையே இருவரும் எழுந்து வாக்களித்துக்கொள்ள, வந்திருந்த உறவினரும் நண்பரும் ஒருவர்பின் ஒருவராகச் சான்றுப் பத்திரத்தில் கையொப்பமிடுவார்கள். ஜார்ஜ் பூனின் மகன் ஸ்கொயர் பூன், எட்வர்ட் மார்கனின் மகள் சாராவை 1720-இல் குவினெத்தில் இம்முறையிலேயே மணந்தார். அத்தகைய பத்திரம் ஒன்று கிடைத்தால், ஒரு விவாகத்தின் ஆதாரத்தோடு இரு குடும்பங்களின் சுற்றத்தாரும் அண்டை அயலாரும் ஒருசேர நமக்கு அறிமுகமாகிறார்கள்.

தேதிகளைப் படிக்கும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். மாதங்களின் வழக்கமான ஆங்கிலப் பெயர்கள் பல பழைய ரோமானியத் தேவதைகளை நினைவூட்டுவன என்று கருதி, குவேக்கர்கள் முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணாலேயே குறித்தார்கள். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி பிறந்ததால், அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். எட்டாம் மாதம் அக்டோபர். 1752-இல் ஜனவரி முதல் மாதமாயிற்று. பழைய பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்காக அவ்வாண்டு செப்டம்பரில் பதினொரு நாட்களும் நீக்கப்பட்டன. இதனால்தான் 1734-ஆம் ஆண்டு எட்டாம் மாதம் 22-ஆம் நாள் பிறந்த டானியல் பூனின் பிறந்த தேதி, பழைய கணக்கில் அக்டோபர் 22 என்றும் புதிய கணக்கில் நவம்பர் 2 என்றும் இருவிதமாக நூல்களில் காணப்படுகிறது. எட்டாம் மாதத்தை ஆகஸ்ட் என்று அவசரப்பட்டு எழுதிக்கொள்பவர் மகனைத் தாயின் விவாகத்துக்கு முன்பே பிறக்க வைத்துவிடக்கூடும்.

பெயர்களும் மயக்கம் தருவன. பூன் குடும்பத்தில் ஜார்ஜ் என்ற பெயர் தலைமுறைதோறும் வருகிறது. ஜார்ஜ் பூனின் பேத்தியான ஆன் என்பவள் 1760-இல் ஆபிரகாம் லிங்கன் என்பவரை மணந்தாள். அவர் நாம் அறிந்த ஜனாதிபதி அல்லர். ஜனாதிபதியின் கொள்ளுப்பாட்டனாருக்கு மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த இளைய சகோதரர். பெயர் ஒன்றையே நம்பி உறவு கட்டுவது எத்தனை அபாயகரமானது என்பதற்கு இது போதும்.

இனி, இந்த ஏடுகளின் உயிர்நிலைக்கு வருவோம். 1720-இல் முதியவர் ஜார்ஜ் பூன், சபையின் ஒழுங்குக்கு மாறாகத் தம் மகளோடு பழக ஓர் இளைஞனுக்கு முந்திக்கொண்டு சம்மதம் கொடுத்ததைத் தவறென்று சபை நடுவே ஒப்புக்கொண்டார். 1742-இல் அவர் மகன் ஸ்கொயரின் முறை வந்தது. ஸ்கொயரின் மகள் சாரா, சங்கத்தைச் சேராத ஒருவனை மணந்துகொண்டாள்; அவர்கள் விவாகத்துக்கு முன்பே நெருங்கிப் பழகியதை ஓரளவு உணர்ந்திருந்தும் என்ன செய்வதென்று அறியாமல் தத்தளித்ததாகத் தந்தை சொன்னதைப் பென்ஸில்வேனியாவின் எக்ஸிடர் சபை ஏட்டில் எழுதிக்கொண்டு மன்னித்தது. 1747-இல் மூத்த மகன் இஸ்ரேலும் புறத்தே மணந்தான். இம்முறை தந்தை வருத்தம் தெரிவிக்க மறுத்தார். நண்பர்கள் பலமுறை சென்று பேசியும் இணங்காத அவரை 1748-இல் சபை விலக்கியது. 1750-இல் அவர் ஓலி பள்ளத்தாக்கில் இருந்த தம் பண்ணையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு தெற்கே புறப்பட்டு, பின்னர் வடகரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பிரதேசத்தில் குடியேறினார்.

இவ்வாறு விலக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வரத் தடையில்லை; ஆயினும் சபைக் காரியங்களில் அவருக்கு இடமில்லை, அவருடைய பிற்கால வாழ்க்கையும் சபையின் ஏட்டில் ஏறாது. அங்கே வேறு ஆவணங்களை நாட வேண்டும்: நிலப் பட்டாக்கள், உயில்கள், வரிப் பட்டியல்கள், மாவட்ட நீதிமன்றக் குறிப்புகள். வடகரோலினாவில் 1753-இல் 640 ஏக்கர் நிலத்துக்குப் பெற்ற பட்டாவால் ஸ்கொயர் பூன் மறுபடியும் நம் கண்ணுக்குத் தென்படுகிறார். 1765-இல் அவர் இறந்தபோது, மாக்ஸ்வில் அருகேயுள்ள இடுகாட்டில் பெயர் பொறித்த கல் நாட்டினார்கள். எக்ஸிடர் சபையின் இடுகாட்டில் அடங்கிய அவருடைய தந்தைக்கு அப்படியொரு கல் இல்லை. எனினும், 1744-இல் அம்முதியவர் இறந்தபோது 8 மக்களும் 52 பேரப் பிள்ளைகளும் 10 கொள்ளுப் பேரப் பிள்ளைகளும், ஆக 70 பேர் உயிரோடிருந்தார்கள் என்பதை, எகிப்துக்குச் சென்ற யாக்கோபின் குடும்பத்தாரின் தொகையோடு ஒப்பிட்டு, குடும்பத்தாரே எழுதிவைத்தனர்.

இத்தகைய ஏடுகள் இன்று பெரும்பாலும் பென்ஸில்வேனியாவின் ஸ்வார்த்மோர், ஹாவர்போர்ட் கல்லூரி நூலகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. இங்கிலாந்துப் பக்கத்தில், 1840-இல் குவேக்கர்கள் அரசாங்கத்திடம் ஒப்படைத்த பதிவேடுகளும், எந்த மாவட்டத்தில் யார் யார் மதத்தின் பொருட்டுத் துன்புறுத்தப்பட்டார்கள் என்று ஜோசப் பெஸ் தொகுத்து 1753-இல் வெளியிட்ட பெருநூலும் உதவுகின்றன. நாடகமேடையில் பாடிப் புகழ்பெற்ற வில்லியம் வேட் ஹின்ஷா என்பவர், முதிய வயதில் எண்ணற்ற சபை ஏடுகளைச் சுருக்கித் தொகுத்து, 1936 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரச் செய்த குவேக்கர் வம்சாவளிக் களஞ்சியம் தேடுவோருக்குப் பேருதவி. ஆனால் சுருக்கம் வழிகாட்டியே தவிர முடிவான ஆதாரமாகாது. அதில் ஒரு சொல்லாகக் குறுகிய கண்டனத்தின் பின்னே, ஒரு தந்தையின் தத்தளிப்பு மூல ஏட்டில் முழுமையாக இருக்கக்கூடும்.

முன்னோரின் பெருமையை நாடி இத்தேடலைத் தொடங்குகிறவர்கள் பலர். ஆனால் புகழ்ச்சியையே நிரப்பிய வம்சாவளியை நாம் பாதிதான் நம்ப முடியும். தன் மதிப்புக்குரிய முதியவரின் தவறையும் அவருடைய வருத்தத்தையும், இணங்க மறுத்தவனின் பிடிவாதத்தையும் மறைக்காமல் எழுதிய ஏடு, அவர்களுடைய நல்லொழுக்கத்தைக் குறித்துச் சொல்லும்போதும் நம்பத்தக்கதாகிறது. அதே சமயம், ஒருவன் யாரை மணந்தான் என்பதற்காக அவனுடைய தந்தையை விலக்கும் கடுமை அச்சபைக்கு இருந்தது என்பதையும், அந்தக் கடுமையால் பல குடும்பங்களை அது இழந்தது என்பதையும் அதே ஏடே சாட்சி சொல்கிறது. எனவே இத்தேடலில் இறங்குகிறவர், தமக்குப் பிடித்த வரிகளை மட்டும் பிரதி செய்துகொள்ளாமல், கண்டனங்களையும் மன்னிப்புகளையும் அதே சிரத்தையோடு பிரதி செய்து, தம் சந்ததியாருக்குக் கொடுக்க வேண்டும். உண்மை எழுதுவதைக் கடமையாகக் கொண்ட அம்மனிதர்களுக்கு அவர்கள் வழித்தோன்றல்கள் செய்யத்தக்க மரியாதை அதுவே.