பழைய காங்கிரீட் அடியில், புதிய காங்கிரீட் மேலே
இரண்டடுக்குச் சாலையின் சிக்கனமும் அதன் எல்லையும்

கடையநல்லூர் வழியாகச் செல்லும் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் நெல்லும் தேங்காயும், புளியங்குடிச் சந்தையின் எலுமிச்சையும் நாள்தோறும் செல்கின்றன. ஜல்லி ஏற்றிய கனத்த லாரிகளும் செல்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறும் இப்பகுதியில் நீரும் பாரமுமே சாலைக்குப் பகை. நீர் தேங்கும் தெருக்களில் தாரைவிடச் சிமெண்டுக் காங்கிரீட் நெடுநாள் நிற்பதால், கிராமங்கள் பலவற்றிலும் அத்தகைய தளமே இன்று அமைக்கப்படுகிறது.

ஆயினும் காங்கிரீட்டும் ஒருநாள் பழுதடைகிறது. குடிநீர்க் குழாய் பதிக்கவும் அதனைத் தோண்ட நேர்கிறது. அப்பொழுது நாம் இரண்டில் ஒன்றைச் செய்து வருகிறோம்: பழைய தளத்தின்மேலேயே புதிய தளம் போடுகிறோம், அல்லது உடைத்த துண்டுகளை ஓடைப் புறம்போக்கில் கொட்டுகிறோம். முதலாவதால் தெரு உயர்கிறது. வீட்டு வாசற்படி தாழ்ந்து, மழைநீர் உள்ளே புகுகிறது. இரண்டாவதால் குளத்திற்கு நீர் வரும் வழி அடைபடுகிறது. அதன் நஷ்டம் விவசாயியைச் சேர்கிறது. சாலைகளைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்னிருந்த மட்டத்திலேயே புதிய தளம் அமைக்க வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது இதனைக் கருதியே.

அப்படியானால், பெயர்த்தெடுத்த காங்கிரீட்டை என்ன செய்வது? அதைச் சாலைக்கே திரும்பக் கொடுக்கலாம் என்பதே நாம் இங்கு விளக்க விரும்புவது.

இரண்டடுக்கு முறை

சாலைத் தளத்தின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் வேலை வேறு. மேற்பகுதி சக்கரத்தின் தேய்மானத்தைத் தாங்க வேண்டும். மழையில் வண்டி வழுக்காமல் காக்க வேண்டும். அதற்கு உறுதியான, எளிதில் தேயாத கல் தேவை. அடிப்பகுதி பாரத்தைத் தாங்கி நிலத்தில் பரப்பினால் போதும். அங்குள்ள கல்லைச் சக்கரம் தொடுவதே இல்லை. ஆகவே உயர்ந்த கல்லை மேலேயும், சற்றுக் குறைந்த கல்லைக் கீழேயும் இடுவது அறிவுக்குப் பொருத்தமானது.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து பெல்பவுண்டன் நகரில் 1891-இல் தொடங்கிய காங்கிரீட் தெருவே இரண்டடுக்காகத்தான் அமைக்கப்பட்டது. பின்னர் ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவையும் சால்ஸ்பர்க்கையும் இணைக்கும் நெடுஞ்சாலையை 1990-களில் புதுப்பித்தபோது, பழைய தளத்தை உடைத்து, அந்த ஜல்லியையே புதிய தளத்தின் கீழடுக்கில் சேர்த்தனர். கீழடுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். மேலடுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் மட்டுமே.

ஒரு கணக்குப் பார்ப்போம். 7 மீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் கனமும் உள்ள சாலைக்குக் கிலோமீட்டருக்கு 1,750 கனமீட்டர் காங்கிரீட் வேண்டும். மேலடுக்கு 5 சென்டிமீட்டர் எனில், உயர்ந்த கல் இட வேண்டிய பகுதி 350 கனமீட்டர்தான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கில் பழைய ஜல்லிக்கு இடமுண்டு. அந்த அளவுக்குக் குன்றுகள் பிழைக்கும்; லாரிகளின் ஓட்டமும் குறையும்.

ஆனால் இம்முறைக்கு இருவகைக் கலவையும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். கீழடுக்கு இறுகுமுன் மேலடுக்கை விரித்தால்தான் இரண்டும் ஒன்றாகப் பிணையும். கலவை நிலையமும் விரிக்கும் இயந்திரமும் இரண்டிரண்டு தேவை. நீண்ட நெடுஞ்சாலையில் இச்செலவு ஈடாகும். நூறு மீட்டர்த் தெருவில் ஈடாகாது.

கிராமத்திற்கு ஏற்ற வழி

இதனால் கிராமம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பழைய ஜல்லியைக் கொண்டு சிமெண்டு குறைந்த அடித்தளம் அமைத்து, அது இறுகியபின், மேலே வழக்கமான காங்கிரீட் தளம் போடலாம். இதற்கு இரட்டை இயந்திரம் வேண்டா. 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 383), பழைய காங்கிரீட்டிலிருந்து கிடைத்த ஜல்லியைச் சிமெண்டு குறைந்த காங்கிரீட்டில் முழு அளவும், கம்பியில்லாத சாதாரணக் காங்கிரீட்டில் 25 சதவிகிதம் வரையிலும் சேர்க்க அனுமதித்துள்ளது. சாலைப் பணியில் கட்டட இடிபாடுகளைப் பயன்படுத்துவதற்கென இந்தியச் சாலைப் பேரவை 2017-இல் தனி நெறிமுறையே வெளியிட்டது.

100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு தெருவைப் பெயர்த்தால் 45 கனமீட்டர், அதாவது சுமார் 108 டன் காங்கிரீட் கிடைக்கும். பத்து டன் லாரியில் பதினோரு நடை. அதே தெருவுக்கு 10 சென்டிமீட்டர் அடித்தளம் போட 30 கனமீட்டர் கலவை போதும். உடைத்ததில் பாதியே நல்ல ஜல்லியாகத் தேறினாலும் அடித்தளத்திற்குப் புதிய ஜல்லி வாங்க வேண்டியிராது.

செலவுக் கணக்கு

மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. உடைக்கும் கூலி, அரைக்கும் இயந்திரத்தின் வாடகை, ஏற்றி இறக்கும் செலவு ஆகியவற்றை ஒருபுறம் எழுதுக. மிச்சமாகும் புதிய ஜல்லியின் விலை, அதன் லாரி வாடகை, இடிபாட்டை அப்புறப்படுத்தும் செலவு ஆகியவற்றை மறுபுறம் எழுதுக. இரண்டாவது பெரிதாயிருந்தால்தான் இலாபம். ஒரு தெருவின் 108 டன்னுக்காக இயந்திரத்தை வரவழைத்தால் பெரும்பாலும் நஷ்டமே. பத்துத் தெருக்களின் ஆயிரம் டன்னை ஓரிடத்தில் சேர்த்தால் கணக்கு மாறும். ஆதலால் இது தனிப் பஞ்சாயத்தின் வேலையன்று. ஒன்றியத்தில் பல பஞ்சாயத்துக்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலை.

சிமெண்டிலும் சிக்கனம் உண்டு. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவிகிதம் சிமெண்டுத் தொழிலினால் உண்டாகிறது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை 15 முதல் 35 சதவிகிதம் வரை சேர்த்த சிமெண்டு கடைகளில் கிடைக்கிறது. அதன் இறுக்கம் தொடக்கத்தில் மெதுவாக ஏறும். ஆகவே நீர் ஊற்றிப் பதப்படுத்துவதில் அவசரம் கூடாது.

கவனிக்க வேண்டியவை

பழைய ஜல்லியில் காரை ஒட்டியிருப்பதால் அது புதிய கல்லைவிட அதிக நீரை உறிஞ்சும். முன்னதாகவே நனைத்து வைக்காவிட்டால் கலவையின் நீரைக் குடித்து, தளத்தைப் பலவீனமாக்கும். செங்கல், சுவர்ப் பூச்சு, மண், பிளாஸ்டிக் ஆகியவை கலந்த இடிபாட்டைச் சேர்க்கலாகாது. கம்பிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஜல்லியின் மாதிரியைச் சோதனைக் கூடத்திற்கு அனுப்பி, பொறியாளரின் ஒப்புதல் பெற்ற பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். மேல் தளத்தைக் குறைந்தது 14 நாட்கள் ஈரம் உலராமல் காக்க வேண்டும். வடிகாலை மறந்து போட்ட தளம், எந்தக் கல்லால் ஆனதாயினும், நிலைக்காது.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு தெருவைப் புதுப்பிக்கும் தீர்மானம் வரும்போது, மதிப்பீட்டில் மூன்று விவரங்களைக் கேட்டறியுங்கள்: பழைய தளம் எங்கே போகிறது? புதிய தளத்தின் மட்டம் வாசற்படிக்கு எவ்வளவு கீழே நிற்கும்? பக்கத்துப் பஞ்சாயத்துக்களில் இவ்வாண்டு எத்தனை தெருக்கள் பெயர்க்கப்படுகின்றன? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், ஓடையில் விழவிருந்த கல் சாலையின் அடியில் உழைக்கும். குளத்து நீர் தடையின்றி வயலைச் சேரும்.