திரையிசைக் குரல் மதிப்பீட்டில் கேட்பு நிலை: ஹெட்ஃபோனும் ஈக்குவலைசரும்

ஆய்வுச் சுருக்கம்

பின்னணிப் பாடகர் ஒருவரின் குரலை மதிப்பிடும்போது அவரது பயிற்சி, உச்சரிப்பு, உணர்ச்சி வெளிப்பாடு ஆகியவற்றைப் பேசுவது மரபு. அக்குரல் எக்கருவி வழியே, எவ்வமைப்பில் கேட்கப்பட்டது என்பது குறிக்கப்படுவது அரிது. ஹெட்ஃபோனும், ஒலிச்சமனி எனப்படும் ஈக்குவலைசரும் குரல்வண்ணத்தை மாற்றவல்லவை. ஆதலால், பாடகர்கள் குறித்த ரசனை வேறுபாட்டில் ஒரு பகுதி கேட்பு நிலையின் வேறுபாடாகவும் இருக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது; கேட்பு நிலையைப் பதிவுசெய்வதற்கான எளிய நெறியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பின்னணிப் பாடகர், குரல்வண்ணம், அதிர்வெண், ஈக்குவலைசர், கேட்பு நிலை, ரசனை.

முன்னுரை

டி.எம். சௌந்தரராஜனின் குரலை வெண்கலக் குரல் என்றும், பி.பி. ஸ்ரீநிவாஸின் குரலை மென்குரல் என்றும், சீர்காழி கோவிந்தராஜனின் குரலைக் கணீர்க் குரல் என்றும் கூறுவது தமிழ்ச் சூழலில் நிலைபெற்ற வழக்கு. இவருள் எவர் சிறந்தவர் என்னும் விவாதம் தலைமுறைகளைக் கடந்து தொடர்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் வெளியிட்ட தம் நூலில் ரசனையை வர்க்கத்தோடும் கல்வியோடும் தொடர்புபடுத்தினார். தென்னிந்தியப் பின்னணிப் பாடலை ஆராய்ந்த அமாண்டா வைட்மன் 2021-இல் வெளியான தம் நூலில், பெண் குரல்கள் மதிக்கப்பட்ட முறையில் பால், ஒழுக்கம் பற்றிய கருத்தாக்கங்கள் செயற்பட்டதை விளக்கினார். இத்தகைய சமூகக் காரணங்களோடு, குரல் செவியை அடையும் வழியும் ஆராயத்தக்கது.

குரலும் அதிர்வெண்ணும்

தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்று விளக்குகிறது. இன்றைய ஒலியியலும் குரல்வளையில் பிறக்கும் ஒலி, வாயறையின் வடிவத்தால் வண்ணம் பெறுவதாகவே கூறுகிறது. பாடும் சுரத்தின் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேல் அதன் மடங்குகளாக அமையும் மேற்சுரங்களின் வலுவே, ஒரே சுரத்தைப் பாடும் இருவரை வேறுபடுத்திக் காட்டுகிறது.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. இவ்வெல்லைக்குள் குரலின் பண்புகள் வெவ்வேறு பகுதிகளில் அமைகின்றன. 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி குரலுக்குக் கனத்தைத் தருகிறது. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தெளிவையும் ‘கணீர்’ என்னும் தன்மையையும் தருகிறது. செவி மிகக் கூர்மையாக உணர்வதும் இப்பகுதியையே. சகரத்தின் உரசொலி 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வலுப்பெறுகிறது. தமிழ்ப் பாடகரை மதிப்பிடுவதில் முதன்மை பெறும் ல, ள, ழ வேறுபாட்டைச் செவிக்கு உணர்த்தும் கூறுகள் பெரிதும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் உள்ளன.

ஈக்குவலைசரின் செயற்பாடு

தொலைபேசிக் கம்பிகளில் நெடுந்தொலைவு செல்லும் ஒலி சில அதிர்வெண்களில் வலுவிழந்தது. அவ்விழப்பை ஈடுசெய்து சமப்படுத்தியமையால் ஈக்குவலைசர் அப்பெயர் பெற்றது. பின்னர் அது கேட்பவரின் விருப்பத்திற்கேற்ப ஒலியை மாற்றும் கருவியாயிற்று. பத்துப் பட்டைகள் கொண்ட ஈக்குவலைசரின் மைய அதிர்வெண்கள் 31 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஏறக்குறைய இருமடங்காகப் பெருகி, 16,000 ஹெர்ட்ஸில் முடிகின்றன. ஒரு பட்டையை 6 டெசிபல் உயர்த்தினால் அப்பகுதியின் அலைவீச்சு இருமடங்காகும்.

இங்குக் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, ஈக்குவலைசர் பாடகரின் குரலை மட்டும் தனித்து மாற்றுவதில்லை. 3,000 ஹெர்ட்ஸை உயர்த்தினால் குரலோடு வயலின்களும் முன்வருகின்றன. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒருசேர இசைத்துப் பதிவான பழைய பாடல்களில் இவ்விளைவைத் தவிர்க்க இயலாது. இரண்டாவது, வலுவான தாழ் அதிர்வெண் ஒலி தன்னினும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை மறைக்கும் இயல்புடையது. தாழ்பகுதியை மிகுதியாக உயர்த்திக் கேட்பவர், பாடகர் ழகரத்தைத் தெளிவாக ஒலிக்கவில்லை என்று முடிவுசெய்யக்கூடும். மூன்றாவது, சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்தது என்று கொள்ளும். பட்டைகளை உயர்த்தும்போது மொத்த உரப்பும் உயர்வதால், மாற்றத்தின் பயனையும் உரப்பின் கவர்ச்சியையும் பிரித்தறிவது கடினம்.

ஹெட்ஃபோன் என்னும் இடையீடு

ஈக்குவலைசரை இயக்காமல் கேட்பதே உண்மையான குரலைக் கேட்பது எனக் கருதுதல் பொருந்தாது. ஹெட்ஃபோன் ஒவ்வொன்றும் தனக்கெனச் சமனில்லாத ஒலிப்பாங்கு உடையது. காதினுள் பொருத்தும் வகை சரியாக அடைபடாவிடின் தாழ் ஒலிகள் கசிந்து, குரல் மெலிந்து கேட்கும். மேலும், ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியவாறு, உரப்புக் குறையும்போது தாழ் அதிர்வெண்களைச் செவி உணரும் திறன் பெரிதும் குறைகிறது. ஆகவே ஒரே பாடல் இரவில் மெதுவாகக் கேட்கும்போதும் பேருந்தில் உரக்கக் கேட்கும்போதும் வெவ்வேறு குரல்வண்ணம் காட்டும். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் குழுவினர் 2010-களில் நடத்திய சோதனைகளில், ஹெட்ஃபோனில் விரும்பப்படும் தாழ், உயர் ஒலிகளின் அளவு வயது, கேட்பு அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்து வேறுபட்டது. பாடகர் குறித்த ரசனைக்கு முன்பே ஒலிப்பாங்கு குறித்த ரசனை ஒன்று செயற்படுவதை இது காட்டுகிறது.

கருவியும் தலைமுறை ரசனையும்

இவ்விளக்கத்தைத் தமிழ்த் திரையிசைக்குப் பொருத்திக் காணலாம். இலங்கை வானொலியையும் விவித் பாரதியையும் கேட்ட தலைமுறைக்குப் பாடல்கள் சிறு வானொலிப் பெட்டி வழியாகவும், திருமண வீட்டிலும் கோயில் விழாவிலும் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி வழியாகவும் சென்றடைந்தன. இவ்விரண்டும் தாழ் ஒலிகளிலும் மிக உயர்ந்த ஒலிகளிலும் வலுக்குறைந்தவை, இடைப்பகுதியையே முன்னிறுத்துபவை. அப்பகுதியில் ஆற்றல் மிக்க சௌந்தரராஜன், கோவிந்தராஜன் ஆகியோரின் குரல்கள் தெருமுனை வரை தெளிவாகச் சென்றிருக்கும். ஒலிவாங்கியின் அண்மையில் மென்மையாகப் பாடும் ஏ.எம். ராஜா, ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மூச்சும் நுண்ணிய குழைவும் இன்றைய ஹெட்ஃபோனில்தான் முழுமையாகப் புலப்படுகின்றன எனக் கருத இடமுண்டு. இக்கருத்து ஒரு கருதுகோளே. வானொலிக் காலத்திலேயே மென்குரல்களும் பெருவிருப்பத்தைப் பெற்றன என்பதால், கருவி மட்டுமே ரசனையைத் தீர்மானிக்கும் என்று கூறலாகாது.

கேட்பு நிலையைப் பதிவுசெய்தல்

சுவடிப் பதிப்பில் தமிழாய்வு இதற்கொரு முன்மாதிரியைக் கொண்டுள்ளது. உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். அவ்வேறுபாடுகள் தெரிவதால், பின்வருவோர் அவர் கொண்ட பாடத்தை ஆராய முடிகிறது. ஒரு பாடலின் இசைத்தட்டு, ஒலிநாடா, மறுசீரமைக்கப்பட்ட எண்முறைக் கோப்பு ஆகியனவும் வெவ்வேறு படிகளே. மறுசீரமைப்பில் ஏற்கெனவே ஈக்குவலைசர் கையாளப்பட்டிருக்கலாம். எனவே குரலை மதிப்பிடும் ஆய்வாளர் பின்வருவனவற்றைக் குறிப்பது பயன்தரும்:

1. கேட்ட படியின் வகையும் வெளியான ஆண்டும்.
2. ஹெட்ஃபோன் அல்லது ஒலிபெருக்கியின் வகை.
3. ஈக்குவலைசர் அமைப்பு, இயக்கப்படாவிடின் அதுவும்.
4. ஒப்பிடப்படும் பாடல்களின் உரப்பு சமப்படுத்தப்பட்டதா என்பது.

ஒப்பீட்டில் குறைந்தது இரு வேறு கருவிகளில் கேட்டல் வேண்டும். இரண்டிலும் மாறாமல் நிற்கும் கருத்தைப் பாடகரின் பாடுமுறைக்கு உரியதாகக் கொள்வதற்கு வலுவான அடிப்படை உண்டு. மாறிவிடும் கருத்தைக் கேட்பு நிலையோடு சேர்த்தே எழுத வேண்டும். கேட்பவரிடம் கருத்துத் திரட்டும் கள ஆய்வு வினாநிரலிலும், எதில் கேட்கிறீர்கள், ஒலியமைப்பை மாற்றுவதுண்டா என்னும் வினாக்கள் இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை

ஈக்குவலைசரைப் பயன்படுத்துவது கேட்பவரின் உரிமை. அதில் பிழை ஏதுமில்லை. ஆயின், தன் விருப்பத்திற்கேற்பத் திருத்திக் கேட்ட ஒலியை வைத்துப் பாடகரின் தகுதியைத் தீர்மானிப்பது ஆய்வுக்குப் பொருந்தாது. ஒருவர் குரலில் கனமில்லை என்றோ, உச்சரிப்பில் தெளிவில்லை என்றோ ஆய்வேட்டில் எழுதப்படும் தொடர் மேற்கோளாகப் பலகாலம் நிற்கும். அம்மதிப்பீடு எக்கேட்பு நிலையில் செய்யப்பட்டது என்னும் குறிப்பு உடனிருந்தால், அடுத்த ஆய்வாளர் அதனைச் சோதித்துப் பார்க்க இயலும்.