கோர்ட்டு விட்டது, காலம் விடலே! பாகவதரை வீழ்த்திய வேப்பேரி கொலை

சென்னையைக் கிடுகிடுக்க வைத்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் நிரபராதியாக வெளியே வந்தார். ஆனால் போன மவுசு திரும்பவில்லை.

நடிகர்-நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சில் ஏற்றிக் காசு பார்த்தவர் லட்சுமிகாந்தன். எழுதாமல் இருக்கவும் பணம் கறந்தார் என்பது அவர் மீது புகார். தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன் உள்ளிட்டோர் கவர்னரிடம் மனு கொடுத்தனர். ‘சினிமா தூது’ நின்றது. மனுஷன் அசரவில்லை. ‘இந்துநேசன்’ மூலம் மறுபடியும் கிளம்பினார்.

ரிக்ஷாவில் கத்திக்குத்து

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி. வேப்பேரியில் ரிக்ஷாவில் போன அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

கொலைச்சதி என்று பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஊரே வாயைப் பிளந்தது. அந்த தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, பிராட்வே தியேட்டரில் சக்கைப்போடு போட்டது. திரையில் பாட்டு, ஜெயிலில் பாகவதர்!

லண்டன் வரை

1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டு அப்பீலும் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். வழக்கு சென்னைக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை.

கிருஷ்ணன் சமாளித்துக்கொண்டார். ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று மறுபடியும் சிரிக்க வைத்தார். பாகவதருக்கோ 1948-ல் வந்த ‘ராஜமுக்தி’ கைகொடுக்கவில்லை. அடுத்தடுத்த படங்களும் எடுபடவில்லை.

1959-ல் அவர் கண்மூடினார். குற்றமில்லை என்று தீர்ப்பு எழுத முடிந்தது. ஜெயிலில் போன 2 வருஷத்துக்கு யார் ஈடு கொடுப்பது?