கடைசி அலசல்

எங்கள் சங்கரன்கோவில் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சமையலறையில் விசாரித்தால் ஒரு புராணமே கேட்கலாம். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்த் தவலையின் அடியில் சுண்ணாம்பு பூத்துக் கிடக்கும். இந்த ஜலத்தில் போட்டோ பிலிமைக் கழுவலாமா? 1982-ஆம் வருஷத்து ஆடித் தபசின்போது எனக்கு இந்த விஷயத்தில் பாடம் கிடைத்தது.

கோமதி அம்பாளின் தபசுக் காட்சிக்குப் புறப்பட்ட பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிம் அது. நம் நாட்டுச் சரக்கு என்ற பெருமை அதற்கு உண்டு. பாவம், அந்த ஆலை பிற்பாடு மூடப்பட்டுவிட்டது. ஸ்நான அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பிலிமை டெவலப் செய்து, கிணற்று நீரில் அரை மணி நேரம் கழுவிக் கொடியில் மாட்டினேன். பிரதி எடுத்துப் பார்த்தால் பாட்டியின் கன்னமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்!

“எனக்கு எப்பொழுதடா அம்மை வார்த்தது?” என்றாள் பாட்டி.

பிலிமின் மேல் நின்ற துளிகள் காய்ந்தபோது ஜலம் போயிற்று, சுண்ணாம்பு தங்கிற்று. அது ஒளியை மறைத்த இடமெல்லாம் பிரதியில் வெள்ளையாயின.

கிணற்றைத்தான் முதலில் வைதேன். அது நியாயமில்லை என்று பின்னால் தெரிந்தது. பிலிமைக் கழுவுவது ஹைப்போவைப் போக்குவதற்காக. அது தங்கினால் அதிலுள்ள கந்தகம் நாளடைவில் வெள்ளியோடு சேர்ந்து, உருவத்தைப் பழுப்பாக்கி மங்கச் செய்யும். வீட்டுக் கூடத்தில் மாட்டிய பழைய கல்யாணப் படங்கள் பல வெளிறிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஹைப்போவை விரட்டுவதில் உப்பு நமக்கு விரோதியல்ல, துணைவன்! இரண்டாவது உலக யுத்த காலத்தில், கடல் நீர் நல்ல தண்ணீரைக் காட்டிலும் சீக்கிரம் ஹைப்போவை நீக்குவதைக் கண்டார்கள். அந்த அனுபவத்திலிருந்தே ஸோடியம் ஸல்பைட் சேர்ந்த ஹைப்போ நீக்கியைக் கோடாக் கம்பெனி கொண்டுவந்தது. ஆனால் கடல் நீரில் கழுவினாலும் முடிவில் நல்ல தண்ணீரில் அலசியே தீரவேண்டும்.

ஆகவே, மெல்லிய துணியில் வடிகட்டிய கிணற்று நீரே கழுவப் போதும். உச்சி வேளையில் மாடித் தொட்டி நீரை மட்டும் தொடாதீர்கள். அந்தச் சூட்டில் பிலிமின் ஜெலட்டின் இளகிச் சுருங்கிவிடும். முதல் நாள் இரவே மண்பானையில் ஊற்றி வையுங்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள நம் ஊருக்கு இல்ஃபோர்டு கம்பெனி சொல்லும் முறை உகந்தது: டாங்கியை நிரப்பி 5 தரம் கவிழ்த்து எடுத்துக் கொட்டி, மறு நீரில் 10 தரம், மூன்றாம் நீரில் 20 தரம் செய்வது. கடினமாக்கும் மருந்து கலவாத ஃபிக்ஸருக்கே இது பொருந்தும்.

கடைசி அலசலுக்கு மாத்திரம் ஒரு செம்பு மென்னீர் தேவை. பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நான் ஐப்பசி மழையை, முதல் தூறல் ஓட்டுக் கூரையைக் கழுவிய பிறகு, பிடித்து வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் வைத்துக்கொள்கிறேன். பிறகு பிலிமைத் துணியால் துடைக்கலாகாது. ஈர ஜெலட்டின் கீறிப்போகும். ஆடிக் காற்று புழுதியோடு வரும் ஊர் ஆதலால் ஜன்னலைச் சாத்திக் காயவிட வேண்டும்.

பாட்டியின் நெகடிவை நீர்த்த அஸெடிக் அமிலத்தில் சற்று ஊறவைத்து, மழை நீரில் அலசினேன். புள்ளிகள் கரைந்தன. புதுப் பிரதியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். “பழையதைக் கிழித்துப் போட்டாயோ?” என்று கேட்டுவிட்டு, இதை மட்டும் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.